இழுத்துப் பார்க்கக் கூடாத கட்டு

வான்கோழி இறைச்சிக்காகக் கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் உண்டு. நான் போவது இறகுக்கு. அங்கே ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா, வளவு நிறைய வான்கோழி வளர்க்கிறார். உதிர்ந்த இறகை எனக்காகக் கூட்டி எடுத்து வைத்திருப்பார். உப்புவெளியில் எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாலம் தாண்டி இன்னொரு பஸ். திரும்பும்போது மடியில் அரை உரப்பை இறகு இருக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தட்டும். அவர்கள் வீட்டுச் சட்டியில் அறக்குளா கொதிக்கும்போது எந்த இறகு அந்த மீனை ஏமாற்றியது என்று யாரும் கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளத் தண்டுள்ள தூண்டில் முள்ளில் வெள்ளை இறகை வைத்து நூலால் வரிந்து கட்டுவதுதான் இறகுத் தூண்டில். அதைத் தங்கூசி என்று நாங்கள் சொல்லும் நைலோன் கயிற்றில் கோத்து, ஓடும் படகின் பின்னால் இழுத்துப் போவார்கள். தண்ணீருக்குள் இறகு விரிந்து சுருங்கும். சூரையும் பாரையும் அறக்குளாவும் அதைச் சின்ன மீன் என்று நம்பிப் பாயும். மற்றவர்கள் சேவல் இறகில் கட்டுவார்கள். என் கணவர் வான்கோழியில்தான் கட்டுவார். வெளிப்பக்கம் இரண்டு செட்டை இறகு, நடுவே தொடைப் பக்கத்துப் பஞ்சு இறகு கொஞ்சம். சேவல் இறகு நனைந்தால் ஈர்க்குப் போல ஒட்டிவிடும், இது தண்ணீருக்குள் மூச்சு விடும் என்பார். இறகைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காய வைப்பதும், கட்டி முடிந்த பிறகு நூலின் மேல் நகப்பூச்சுப் பூசுவதும் என் வேலை. மற்றப்படி நான் வீட்டில் சட்டை தைக்கிறவள். நூலும் இறுக்கமும் எனக்குப் புதிதல்ல.

அவருக்குக் கைராசி என்று எங்கள் கரையில் ஒரு பேர் இருந்தது. கடையில் வாங்கும் தூண்டிலை ஆட்கள் பத்துத் தரம் இழுத்துப் பார்ப்பார்கள், பல்லால்கூடக் கடித்துப் பார்ப்பார்கள். அவர் கட்டியதை இரண்டு கையாலும் வாங்கி நேரே பெட்டிக்குள் வைப்பார்கள். கைராசிக்காரர் கட்டியதை இழுத்துப் பார்த்தால் ராசி போய்விடும், கட்டியவருக்கும் அவமானம். இந்த மரியாதையை யார் தொடங்கினார்களோ எனக்குத் தெரியாது. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் செய்த காரியம் ஒரே நாளில் பிடிபட்டிருக்கும்.

போன வருடம் சித்திரையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கடலால் வந்து முகம் கழுவப் போனவர் கிணற்றுக் கட்டில் சாய்ந்து கிடந்தார். பேச்சு போகவில்லை. கால் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. வலது கைதான் வரவில்லை. அது தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டு மறந்துபோன பொருள் போல மடியில் கிடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே கைக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு இளம் பிள்ளை, முகத்தில் அறைந்தாற்போல உண்மை பேசுகிறவள். முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"முதல் வருசத்துக்குள்ள எவ்வளவு எடுக்கிறமோ அவ்வளவுதான் ஐயா. அதுக்குப் பிறகு மெத்தக் கஷ்டம்."

"கடலுக்குப் போகேலுமே பிள்ளை?" என்று அவர் கேட்டார். கையைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"கை பழகின வேலையைச் செய்யுங்கோ. பிறகு பாப்பம்."

கை பழகின வேலை என்றால் இறகு கட்டுவது. ஆடியில் மறுபடியும் இறகு வீட்டுக்கு வந்தது. மேசை விளிம்பில் பூட்டிய சின்ன வைஸில் முள்ளைக் கவ்வ வைத்து, வலது கை விரல் இரண்டால் இறகைப் பிடித்து, இடது கையால் நூலைச் சுற்ற வேண்டும். முதல் இரண்டு கிழமை இறகு நிலத்தில்தான் விழுந்தது. நான் தையல் மெசினில் இருந்தபடி பார்க்காத மாதிரி இருப்பேன். விழுந்ததை எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும், கொடுக்காவிட்டால் அவர் குனிந்து எடுக்கும்வரை என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பிறகு ஒரு நாள் ஒன்று கட்டி முடித்தார். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வைஸிலிருந்து கழற்றி என் முன்னே வைத்தார்.

"எப்பிடி?"

பார்வைக்கு நன்றாக இருந்தது. அவர் குளிக்கப் போன பிறகு, பூச்சுப் பூச எடுத்தேன். சும்மா விரல் பட்டதும், மெலிந்த விரலிலிருந்து மோதிரம் கழல்வது போல, இறகு முழுவதும் கையோடு வந்துவிட்டது. நூல் சுற்றியிருந்தது, இறுகவில்லை. அந்த விரல்களுக்கு இறுக்கம் எவ்வளவு என்று தெரியவில்லை.

அவர் கிணற்றடியில் பாட்டுப் படித்துக்கொண்டு குளித்தார். நாலு மாதமாக அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. நான் இறகைத் திரும்ப வைத்து, நூலில் மெழுகு தேய்த்து, சட்டைக்குப் பொத்தான் வைக்கிற மாதிரி இறுக்கிக் கட்டினேன். பூச்சும் பூசினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மத்தியானம் அவர் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் சந்தோசப்பட்டேன். அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

அடுத்த ஆறையும் அப்படித்தான் செய்தேன். அவர் கட்டுவார், நான் அவிழ்த்துக் கட்டிப் பூச்சுப் பூசுவேன். பூச்சு காய்ந்தால் யார் கட்டியது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆவணியில் என் தம்பி வந்து அவற்றைக் கேட்டான். அவனும் என் கணவரும் ஒரே படகில் போனவர்கள். அத்தான் மறுபடியும் கட்டுகிறார் என்றதும் அவன் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கினான். இழுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு கையில் முழங்கை நீளத்துக்கு மேலே ஒரு அறக்குளா.

"அத்தான், உங்கட கை வந்திட்டுது! ஒரு இறகு கழரேல்லை. ஒண்டு கூட!"

என் கணவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார். மீனை வாங்கவில்லை. தன் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று ஊருக்குள் எனக்குப் பேர். சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் அந்த வாய் எங்கே போனதோ. அதோடு இன்னொன்றும் உண்டு. தம்பி ஒரு இறகும் கழரவில்லை என்று சொன்னபோது, உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. என் கட்டு அது. அறக்குளாவின் பல்லுக்கு நின்ற என் கட்டு. கேவலம்தான், ஆனால் வந்தது.

மீன் கதை கரை முழுக்கப் போனது. நிலாவெளியிலிருந்துகூட ஆட்கள் வந்து கட்டித் தரச் சொன்னார்கள். அவர் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று கட்டத் தொடங்கினார். அவர் குளிக்கப் போகும்போது நான் வேலையைத் தொடங்குவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் தினமும் மூன்று பூசணிக்காய் மறைத்தேன்.

புரட்டாதியில் கிளினிக்குக்குப் போகும்போது அவர் சட்டைப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். உள்ளே போனதும் அந்தப் பிள்ளையின் கையில் தூண்டிலை வைத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூலின் ஒவ்வொரு சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் இருந்தது.

"ஐயா, இதை நீங்களா கட்டினது? இந்தக் கையாலயா?"

"ஓம் பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அவள் போனில் படம் எடுத்தாள். கொப்பியில் எழுதினாள். வெளியே விறாந்தையில் வரிசையாக இருந்தவர்களைக் காட்டி, இப்படி முன்னேறின ஆள் மாதத்துக்கு ஒருக்கா வந்தால் போதும், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த இடத்தை அவரிடமிருந்து எடுத்தது நான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் யன்னலோரம் இருந்து கடலைப் பார்த்தார், நான் என் செருப்பைப் பார்த்தேன்.

இதற்குள் வாடை வந்துவிட்டது. கடல் கொந்தளித்து, படகுகள் கரைக்கு மேலே ஏறிக் கிடந்தன. கடல் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் எனக்கு ஒரு நிம்மதி. அவர் கடலுக்குப் போக ஏலாது, எனவே நான் சொல்லவும் தேவையில்லை. ஆனால் அவர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். தை பிறந்து, காற்றும் விழுந்து, மாசி தொடங்கியதும் தம்பியிடம் கேட்டுவிட்டார்.

"வாற ஞாயிறு நானும் வாறன்."

"வாங்கோ அத்தான். நீங்கள் பின்னால இருந்து கயிறைப் பிடியுங்கோ, நான் எஞ்சினைப் பாக்கிறன்."

கயிறைப் பிடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தங்கூசியை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பார்கள். பெரிய மீன் கொழுவினால் ஒரு நொடியில் சுற்றைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் கயிறு விரலைக் கொண்டுபோகும், சில வேளை ஆளையே கொண்டுபோகும். எந்த நொடியில் கழற்றுவது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

ஞாயிறுக்கு முந்திய வியாழன் காலை. நான் ஒரு சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் முற்றத்து முருங்கை மரத்தில் தங்கூசியைக் கட்டி, மறு நுனியை வலது கையில் சுற்றி, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. நிமிர்ந்து பார்த்த எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தில் சிவப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, கையைப் பாருங்கோ!"

"கைக்கு என்ன?"

கயிறு சின்ன விரலின் அடியில் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். வேறொருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எப்ப பட்டது?" என்று என்னிடம் கேட்டார்.

கையைக் கழுவி, மருந்து வைத்து, சீலைத் துண்டால் கட்டிவிட்டேன். கதிரையில் இருத்தினேன். அந்தக் கிழமை அவர் கட்டிய ஆறு தூண்டில் மேசையில் கிடந்தன. நான் இன்னும் தொடாதவை. ஒன்றை எடுத்து, முள்ளை ஒரு கையிலும் இறகை மறு கையிலும் பிடித்தேன்.

"என்ன செய்யிறாய்? இழுக்கக் கூடாதெண்டு தெரியாதே உனக்கு?"

இழுத்தேன். இறகு கையோடு வந்தது.

"பூச்சுப் பூசேல்லை. அதுதான்."

"பூச்சு மினுக்கத்துக்கு மட்டும்தான் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

இரண்டாவதை இழுத்தேன். மூன்றாவது. நாலாவது மேசையிலிருந்து தூக்கும்போதே கழன்றது. ஐந்து. ஆறு. மேசை முழுக்க இறகும், வெறும் முள்ளும், சுருண்ட சிவப்பு நூலும். காற்றுக்கு ஒன்றிரண்டு பஞ்சு இறகு நிலத்தில் ஓடியது.

அவர் வெறும் முள் ஒன்றை இடது கையால் எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப தம்பி கொண்டுபோனது?"

"நான் கட்டினது."

"நிலாவெளி ஆக்களுக்குக் குடுத்தது?"

"அதுவும்தான்."

"கிளினிக் பிள்ளை படம் எடுத்தாளே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையை ஆட்டினேன். அவர் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். இன்னும் ஒன்று கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"முதலாவது? நான் ஒண்டரை மணித்தியாலம் இருந்து கட்டினது?"

"அதையும் அவிழ்த்துத்தான் கட்டினனான்."

அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். திருப்பிக் கத்தவும் எனக்குத் தெரியும். அவர் எழுந்து, சட்டையை ஒற்றைக் கையால் போட்டுக்கொண்டு, கடற்கரைக்கு நடந்து போனார். ஞாயிறு வரவில்லை என்று தம்பியிடம் அவரே சொல்லியிருக்கிறார். ஏன் என்று தம்பி என்னிடம் வந்து கேட்டான். சொன்னேன். அவன் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது.

"அக்கா, நான் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பனே" என்றான்.

திங்கட்கிழமை அவர் சொன்னார்: "கிளினிக் பிள்ளையிட்ட நீதான் சொல்லவேணும். நான் பக்கத்தில இருப்பன்."

சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை ஏசவில்லை. கொப்பியைப் புரட்டிப் பழைய பக்கங்களைப் பார்த்தாள். அவருடைய விரல் நுனிகளைப் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடச் சொல்லி, எந்த விரல் என்று கேட்டாள். அவர் ஐந்தில் மூன்றைப் பிழையாகச் சொன்னார். அவள் வாரத்துக்கு ஒரு நாள் வருவதை மறுபடியும் எழுதித் தந்தாள்.

"அஞ்சு மாசம் போயிட்டுது அம்மா" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். முதல் வருடத்தில் மிச்சம் இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னோடு வேண்டிய அளவுக்குத்தான் கதைத்தார். சாப்பாடு நல்லா இருக்கு என்பார், மருந்து முடிந்துவிட்டது என்பார். நான் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். "விடப்பா" என்றார், இரண்டு தரமும் ஒரே மாதிரி. ஆனால் கட்டுவதை அவர் விடவில்லை. தினமும் ஒன்று கட்டுவார். கட்டி முடித்ததும் என்னிடம் நீட்டுவார்.

"இழு."

கரையில் யாரும் செய்யத் துணியாததை அவரே செய்யச் சொன்னார். நான் இழுப்பேன். இறகு கையோடு வரும். அவர் முள்ளை வாங்கித் திரும்பவும் வைஸில் பூட்டுவார். நூலைத் தொட என்னை விடுவதில்லை. பங்குனி முழுக்க இப்படியே போனது. சித்திரை முழுக்க. வருடம் நிரம்பிய நாளிலும் இறகு வந்தது. எனக்குச் சில நாள் மெதுவாக இழுத்துவிடலாமா என்று கை கூசும். இல்லை, இனி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடும் இழுப்பேன். ஒவ்வொரு தரமும் அவர் முகத்தைப் பார்க்காமல் இறகைப் பார்ப்பேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை. இழு என்றார். இழுத்தேன். வரவில்லை. என் பிடி நழுவியிருக்கும் என்று நினைத்து, முள்ளை வைஸில் பூட்டி, இரண்டு கையாலும் இறகைப் பற்றி, காலை ஊன்றி இழுத்தேன். இறகின் ஓரம் பிய்ந்து விரலில் ஒட்டியது. கட்டு அசையவில்லை. நூல் கோணல் மாணலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. ஆனால் நின்றது.

"நிண்டிட்டுது! இஞ்சேருங்கோ, நிண்டிட்டுது!"

சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன். கண்ணீர் தானாக வந்தது. அவர் தூண்டிலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தையல் பிழையைத் தேடி நான் துணியைப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார். பிறகு வைஸைத் தளர்த்தி, தூண்டிலை எடுத்து, மேசையில் தன் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார்.

பதினொரு மணிக்குத் தம்பி கடலால் வந்தான். அவன் கால் மண்ணைக் கழுவுமுன்பே அவர் கூப்பிட்டார்.

"இஞ்ச வா. இதை இழு."

தம்பி திகைத்து என்னைப் பார்த்தான். கைராசிக்காரரின் கட்டை அவன் வாழ்நாளில் இழுத்ததில்லை.

"அவளைப் பாக்காத. இழு."

தம்பி இழுத்தான். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது. ஒரு தரம், இரண்டு தரம், உடம்பை வளைத்து மூன்றாம் தரம். "கழராது அத்தான்" என்றான், மூச்சு வாங்க. அதைக் கேட்ட பிறகுதான் என் கணவர் சிரித்தார். மாசியிலிருந்து நான் காத்திருந்த சிரிப்பு அது, தம்பியைப் பார்த்துச் சிரித்தார். அவர் செய்ததில் ஒரு அநியாயமும் இல்லை. எனக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது.

அன்றிலிருந்து இழுத்துப் பார்ப்பது தம்பியின் வேலை.